தவளை முட்டை எடுக்கும் காலை

சாயங்காலம் ஊசி போட்டுவிட்டுப் போனால் காலையில் வாளியில் முட்டை இருக்கும். ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் நடுவில் இருக்கும் அந்த 16 மணி நேரம் தவளைக்கு எப்படிப் போனது என்பதைப் பொறுத்துத்தான் மறுநாள் வேலையே.

நாங்கள் வைத்திருப்பது ஸெனோபஸ் லேவிஸ், தென்னாப்பிரிக்கப் பக்கத்து நகத்தவளை. நாக்கு கிடையாது, பின்னங்கால் விரல்களில் கறுப்பு நகம் இருக்கும், வாழ்வது முழுக்கத் தண்ணீரில். ஊசியில் போவது எச்.சி.ஜி., கர்ப்பிணிகளுக்குச் சுரக்கும் அதே ஹார்மோன். 1930களில் தொடங்கிச் சில பத்தாண்டுகள் பல நாடுகளில் கர்ப்பப் பரிசோதனைக்கு இந்தத் தவளையையும் பயன்படுத்தினார்கள்: பெண்ணின் சிறுநீரை ஊசியில் ஏற்றுவார்கள், தவளை முட்டையிட்டால் கர்ப்பம்.

உடம்பு வழவழவென்று நழுவும். கண்ணை மறைத்தாற்போல் ஈரக் கையால் பொத்திப் பிடித்தால் அடங்கிவிடும், நாம் பதறினால் அதுவும் பதறும். முதுகுத் தோலுக்கு அடியில் ஊசி போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி வாளியில், உப்புக் கரைசலில், 16 டிகிரி குளிரில் விடுவோம். வெறும் தண்ணீரில் விட்டால் முட்டையைச் சுற்றியுள்ள ஜெல்லி ஊறி உப்பிவிடும், முட்டையும் கெட்டுப்போகும்.

ஒருமுறை அறையின் குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்தால் அறை வெதுவெதுவென்று இருக்கிறது, வாளி நிறைய வெளுத்து உப்பிய முட்டைகள், சில சரம் சரமாக ஒட்டிக்கொண்டு. ஒன்றுகூட உதவாது. சோதனை போனதைவிட, அந்தத் தவளை ஆயிரக்கணக்கில் இட்டதை அப்படியே கொட்ட வேண்டி வந்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. மறுபடி அதற்கு ஊசி போட மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

நல்ல முட்டை பார்த்தாலே தெரியும். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுப் பெரிது, ஒரு பாதி அடர்பழுப்பு, மறுபாதி வெண்ணெய் நிறம், நடுவில் கோடு கிழித்தாற்போல் எல்லை. சிஸ்டீன் கரைசலில் சில நிமிடம் சுழற்றினால் ஜெல்லி கரைந்து, அதுவரை விலகி விலகிக் கிடந்த முட்டைகள் கேழ்வரகு மாதிரி அடியில் நெருங்கி உட்காரும். அதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கும். அப்புறம் சென்ட்ரிஃபியூஜில் வேகமாகச் சுழற்றி நசுக்குவோம். மேலே கொழுப்பு, அடியில் மஞ்சள்கரு, நடுவில் இளமஞ்சளாக ஒரு திரவம். செல் உடைந்துபோன பிறகும் அந்தத் திரவத்துக்கு செல் பிரிவது எப்படி என்று தெரியும். விந்தணுக்களின் உட்கருவைச் சேர்த்தால் குழாய்க்குள்ளேயே கதிர் இழைகள், அதாவது செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் இழைகள், உருவாகின்றன. நான் இந்த வேலைக்கு வந்ததே அதைக் கண்ணால் பார்க்கத்தான்.

இன்று மூன்று வாளியில் இரண்டு நன்றாக இருந்தது. மூன்றாவதில் வெள்ளை முட்டைகள் நிறைய, அதனால் மற்றவற்றோடு கலக்கவில்லை. மூன்று தவளைகளையும் கழுவித் தொட்டியில் விட்டு, அட்டையில் தேதி எழுதிவிட்டுத்தான் நுண்ணோக்கியில் உட்கார்ந்தேன்.