மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் மனநிறைவை அளப்பது: கேள்வித்தாளைத் தமிழுக்குக் கொண்டுவருவோருக்கு

மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு எவ்வளவு பாரம் என்று கேட்கும் ஆய்வுகள் நிறைய உண்டு. அந்த வேலையில் கிடைக்கும் நிறைவை அளக்க, 2004-இல் அமெரிக்காவில் வெளியானது ‘பாசிட்டிவ் ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் கேர்கிவிங்’ என்ற கேள்வித்தாள். ஒன்பதே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டினால் 9 முதல் 45 வரை வரும்.

மொழிபெயர்ப்பு நடைமுறை பலருக்கும் தெரிந்ததுதான். உருவாக்கியவர்களிடம் அனுமதி வாங்குங்கள். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கட்டும். ஒருவர் இந்தத் துறைக்கே புதியவராக இருப்பது நல்லது. இரண்டையும் ஒன்றாக்கிய பிறகு, மூலத்தைப் பார்க்காத இருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகட்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து ஒப்பிடுங்கள். ஆனால் பெரிய பிழைகள் இதையெல்லாம் தாண்டி வந்துவிடும்.

ஓர் உதாரணம். அவரைப் பார்த்துக்கொள்வதால் ‘நான் தேவைப்படுகிறவர்’ என்ற உணர்வு வந்திருக்கிறதா என்பது ஒரு வாக்கியம். இதை ‘நான் இல்லாமல் அவரால் முடியாது’ என்று எழுதினால் படிக்க இயல்பாக இருக்கும். இரவெல்லாம் மாமியாரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் மருமகள் உடனே ‘ஆமா, ஒரு நிமிஷம் நகர முடியாது’ என்பார். அது பாரம். தாளிலோ நிறைவுக்கு 5 மதிப்பெண் ஏறியிருக்கும். பாரத்தை அளக்கும் ஜாரிட் கேள்வித்தாளில் ‘உங்கள் உறவினர் உங்களையே சார்ந்திருக்கிறாரா’ என்றே ஒரு கேள்வி இருக்கிறது. ஆக, இரண்டு அளவுகோலும் ஒரே விஷயத்தை அளக்கத் தொடங்கிவிடும். ‘நான் இருப்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று தோன்றுகிறது’ என்பது மூலத்தின் கருத்துக்கு நெருக்கமாக வரும்.

இப்படிப்பட்ட சறுக்கல் ஆட்களிடம் கேட்டால்தான் தெரியும். 30 முதல் 40 பேரிடம் முன்னோட்டமாகக் கேளுங்கள். பதில் வந்ததும் ‘இதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க? யாரை நினைச்சு சொன்னீங்க?’ என்று விசாரியுங்கள். ‘பாராட்டப்படுகிறேன்’ என்ற வாக்கியத்தில் இந்த இரண்டாவது கேள்வி மிக முக்கியம். நோயாளி பாராட்டுவதா, வெளியூரிலிருந்து போனில் விசாரிக்கும் நாத்தனாரா? பதில் அதைப் பொறுத்து மாறும்.

இன்னொரு தொல்லை: எல்லாரும் 5 என்பார்கள். ‘பெத்தவங்களைப் பார்த்துக்கறது கடமைதானே’ என்பவரிடம் நிறைவு உண்டா என்று கேட்டால், இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். பக்கத்து அறையில் கணவர் இருந்தால் கேட்கவே வேண்டாம். 15 சதவீதத்துக்கு மேல் ஆட்கள் உச்ச மதிப்பெண்ணைத் தொட்டால் அந்தத் தாள் நிறைவு அதிகம் உள்ளவர்களைச் சரியாகப் பிரித்துக் காட்டாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். ‘சிலருக்கு இதுல நிறைவு இருக்கும், சிலருக்கு இருக்காது, ரெண்டுமே சகஜம்’ என்று தொடங்குங்கள். அந்த ஒரு வரி அவருக்கு உண்மை சொல்லத் தைரியம் தரும்.

ஐந்து படிப் பதிலை ஒரே மூச்சில் வாசித்தால் வயதானவர்கள் கடைசியில் கேட்டதையே சொல்லுவார்கள். முதலில் ‘ஆமாவா, இல்லையா, ரெண்டும் இல்லையா?’ என்றும், அடுத்து ‘ரொம்பவா, கொஞ்சமா?’ என்றும் பிரித்துக் கேட்டால் அதே ஐந்து படி கிடைக்கும்.

புண்ணியம், பெற்றவர்களுக்குப் பட்ட கடன், பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்வது இவையெல்லாம் மூலத்தில் இல்லை. நம் வீடுகளில் நிறைவு என்றால் முதலில் வருவதே இவைதான்; விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒன்பதுக்குப் பின்னால் தனிப் பகுதியாக வைத்து, தனியாகவே கூட்டுங்கள். நடுவில் செருகினால் வேறு நாட்டு முடிவுகளோடு ஒப்பிட முடியாது.

இறுதித் தாளைச் சோதிக்க 200 பேராவது இருந்தால் நல்லது. அதே பதில் வருகிறதா என்று பார்க்க இரண்டு வாரம் கழித்து அவர்களில் ஒரு பகுதியினரிடம் மறுபடி கேட்கும்போது, இடையில் நோயாளி விழுந்தாரா, ஆஸ்பத்திரியில் சேர்ந்தாரா, பார்த்துக்கொள்பவர் மாறினாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படி மாறிய வீடுகளை மறுசோதனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே மாறியது தாளின் நம்பகம் அல்ல, அவர்கள் நிலைமை.