வெயில் இருந்தும் வற்றல் காயாத ஊரில்

அமெரிக்காவில் வட ஜார்ஜியாவின் மலையடிவாரத்துக்குக் குடிவரும் நம்மவர்கள் முதல் கோடையிலேயே வற்றல் போட ஆசைப்படுவார்கள். வெயிலுக்கு இங்கே குறைவில்லை. ஆனால் காற்றில் நிற்கும் ஈரமும், அடிக்கடி பிற்பகலில் கொட்டும் இடிமழையும் சேர்ந்து, நறுக்கிப் பரப்பிய வெண்டைக்காயைக் காய விடாமல் பூசணம் பிடிக்க வைத்துவிடும். இவ்வூர்க்காரர்கள் வெயிலை நம்பாததற்குக் காரணம் இதுதான். மலைப்பகுதியில் பழைய நாளில் பீன்ஸை முழுசாக நூலில் கோத்து, அடுப்புக்கு அருகிலோ திண்ணைக் கூரைக்கு அடியிலோ தொங்கவிட்டு உலர்த்தியிருக்கிறார்கள். மற்றபடி தென்மாநிலச் சமையலறை நம்பியிருப்பது வினிகரையும் நெருப்பையும்தான்.

காய்களை ஜாடியில் அடைத்துப் பதப்படுத்தும் இந்தக் கலையை வெண்டைக்காய் ஊறுகாயிலிருந்து தொடங்குவது எளிது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்து இம்மண்ணில் வேரூன்றிய காய் அது. விரல் நீளத்துக்கு மேல் முற்றாத பிஞ்சுகளைக் காம்பு மட்டும் கிள்ளி, ஒரு பூண்டுப் பல், ஒரு மிளகாய், சிறிது சதகுப்பை (டில்) விதை ஆகியவற்றுடன் சூடான கண்ணாடி ஜாடியில் நெருக்கி நிறுத்த வேண்டும். அதன்மேல் 5 சதவீத அமிலமுள்ள வினிகரையும் தண்ணீரையும் அயோடின் சேராத உப்புடன் கொதிக்க வைத்து ஊற்றி, விளிம்பிலிருந்து அரை அங்குலம் இடம் விட்டு மூடி, ஜாடி முழுதும் மூழ்கும் கொதிநீரில் வைத்து எடுக்க வேண்டும். ஆறும்போது மூடியின் நடுப்பகுதி 'டிங்' என்று உள்ளே அமுங்கும். அந்த ஓசை கேட்காத ஜாடியைக் குளிர்பெட்டியில் வைத்து முதலில் தீர்த்துவிடுவது வழக்கம்.

புளிப்பில்லாத காய்களின் கதை வேறு. பிஎச் அளவு (எண் கூடக் கூடப் புளிப்பு குறைவு) 4.6-க்கு மேலுள்ள பீன்ஸ், தட்டைப்பயறு, இறைச்சி போன்றவற்றில், காற்றுப் புகாத ஜாடிக்குள் உயிருக்கே ஆபத்தான பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரின் 100 டிகிரிக்குச் சாவதில்லை. ஏறத்தாழ 116 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்காகத்தான் நான்கு குவார்ட் ஜாடிகளாவது (குவார்ட் என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர்) கொள்ளும் பிரஷர் கேனர், அதாவது ஜாடிகளை அழுத்தத்தில் வேகவைக்கும் பெரிய பாத்திரம். குக்கரோடு வளர்ந்த நமக்கு, வீட்டுக் குக்கரிலேயே இரண்டு விசில் விட்டால் ஆகாதா என்று தோன்றும். ஆகாது. சிறு குக்கர் விரைவாகச் சூடேறி விரைவாக ஆறிவிடும். செய்முறைகளில் சொல்லும் நேரமோ பெரிய கேனர் மெல்லச் சூடேறி மெல்ல ஆறுவதையும் கணக்கில் கொண்டது. கடல்மட்டத்திலிருந்து ஊரின் உயரத்தையும் பார்க்க வேண்டும்: எடைக்கல் வைத்த கேனரில் ஒரு பைண்ட் (அரை குவார்ட்) பீன்ஸுக்கு 20 நிமிடம் போதும், ஆனால் 1000 அடிக்கு மேலுள்ள எங்கள் பகுதியில் 10 பவுண்டு அழுத்தத்துக்குப் பதில் 15 பவுண்டு.

இதையெல்லாம் பாட்டிமார் சொல்லித்தான் அறிய வேண்டும் என்பதில்லை. 1914-ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டத்தால் நாடு முழுவதும் விரிந்த வேளாண் விரிவாக்கப் பணிக்கு இங்கே ஏறக்குறைய எல்லாக் கவுண்டியிலும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகம் இருக்கிறது. முள் காட்டும் அழுத்தமானியைக் கொண்டுபோனால் அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துத் தரும் அலுவலகங்களும் உண்டு. இம்மாநிலத்து ஏதென்ஸ் நகரில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டு உணவுப் பதப்படுத்தல் தேசிய மையம், சோதித்த செய்முறைகளை இலவசமாகத் தருகிறது. கைமணத்தை நம்பிச் சமைக்கும் நமக்கு இந்தக் கறார் முதலில் எரிச்சலூட்டும். இந்த ஒரு வேலையில் மட்டும் அதுவே சரி என்பது என் முடிவு.

குளிர்காலத்தில் பலன் தெரியும். புத்தாண்டன்று தட்டைப்பயறும் முட்டைக்கோஸ் இனத்துக் காலர்ட் கீரையும் சோளரொட்டியும் இவர்களுக்குக் கட்டாயம். கீரை வெந்த சாற்றைக் கீழே கொட்டுவது பாவம் என்பார்கள். அதில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டவர்கள் மறுக்க மாட்டார்கள்.

கோடை முடிவில் வேலியோரம் பழுக்கும் மஸ்கடைன் திராட்சையைப் பறிக்கப் போவதானால், முழுக்கால் சட்டை போட்டு, திரும்பியதும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று உடம்பெல்லாம் பார்த்துவிட வேண்டும். அதன் தடித்த தோலை நல்லெண்ணெயில் வதக்கி ஊறுகாய் போடலாம் என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சி உண்டு. அதற்குச் சோதித்த செய்முறை கையில் இல்லாததால் ஜாடியில் அடைப்பதில்லை. கொஞ்சமாகச் செய்து, குளிர்பெட்டியில் வைத்து, தயிர்சாதத்தோடு சில நாளில் முடித்துவிடுகிறோம்.