பழைய அம்ப்பில் புது ரிவியின் சத்தம்

புது ரிவி வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே முறைப்பாடு. "தம்பி, படம் நல்ல வடிவா இருக்கு. ஆனா என்ன கதைக்கிறாங்கள் எண்டுதான் விளங்குதில்லை." நியாயமான முறைப்பாடுதான். விரல் தடிப்பு ரிவிக்குள் ஸ்பீக்கருக்கு ஏது இடம்? இருக்கிற குட்டி ஸ்பீக்கரும் கீழே பார்த்தபடி மேசைக்குச் செய்தி வாசிக்கிறது.

ரிவிக்குக் கீழே வைக்கிற நீட்டு ஸ்பீக்கர், அதுதான் சவுண்ட்பார், வாங்கச் சொன்னார்கள். சித்தப்பா எண்பதுகளில் சவூதியிலிருந்து கொண்டு வந்த சன்சுயி அம்ப்பும் (ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற அம்ப்ளிஃபயர்), தூக்கினால் இடுப்புப் பிடிக்கிற இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் உப்புவெளி வீட்டில் சும்மா கிடக்க, எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் காலத்து அம்ப்புகள் சிலவற்றின் பின்னால் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கும். பிளக்கைச் செருக முன்னம் அதைத்தான் பார்க்க வேண்டும். எங்கட கரண்ட் 230 வோல்ட். சுவிட்ச் 110 இல் நின்றால் அம்ப்பின் கதை அன்றோடு முடிந்தது. எங்கள் அம்ப்பில் 240 இல் நின்றது. கடற்காற்றில் சிவப்பு, வெள்ளை வயர் செருகுகிற ஆர்.சி.ஏ. துளைகள்தான் பச்சை பிடித்துப் போயிருந்தன. ஐசோபுரோப்பைல் அல்ககோலில் பஞ்சு தோய்த்துத் துடைத்தேன். எந்தத் துளையின் சத்தம் வேண்டும் என்று தெரிகிற செலெக்டர் குமிழை இப்படியும் அப்படியும் பல தடவை திருப்ப, கரகரப்பும் அடங்கியது.

சத்தத்தை வெளியே எடுக்க ரிவியில் இருந்தது ஒப்டிக்கல் அவுட் என்ற துளை மட்டும்தான். அதிலிருந்து வருவது கரண்ட் இல்லை, வெளிச்சம். தோஷிபா நிறுவனம் 1983 இல் கொண்டு வந்த முறை. பழைய அம்ப்புக்கு அது விளங்காது, அதனால் டிஜிட்டலை அனலொக்காக மாற்றுகிற டாக் பெட்டி ஒன்று இடையில் வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சாமான். இதற்கு விலை கூடின பெட்டி தேவையில்லை என்பது என் கருத்து.

ஒப்டிக்கல் வயரின் இரண்டு நுனியிலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழற்றிவிட வேண்டும். தலை சதுரம்போல இருந்தாலும் ஒரு பக்கத்து மூலைகள் இரண்டும் வெட்டியிருக்கும். அந்தப் பக்கம் பார்த்துச் செருகினால் 'டிக்' என்று உட்காரும். ரிவியைப் போட்டுவிட்டு மற்ற நுனியைப் பாருங்கள். கடுகளவு சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் ரிவி பக்கம் சரி.

டாக்கிலிருந்து சிவப்பு, வெள்ளை வயர் அம்ப்பின் ஆக்ஸுக்கு (வெளிச் சாமான்களின் சத்தம் எடுக்கிற துளை) போகிறது. டியூனர், டேப் பிளே என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை. போனோவில் மட்டும் வேண்டாம். அது இசைத்தட்டு ஊசியின் சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது. டாக் தருவதோ சுமார் 2 வோல்ட். காது கிழியும்.

எல்லாம் கொழுவியும் சத்தம் வரவில்லையா? வயரைத் திட்டாமல் ரிவியின் செட்டிங்ஸுக்குப் போங்கள். டிஜிட்டல் ஓடியோ அவுட் 'ஓட்டோ'விலோ 'டொல்பி'யிலோ நிற்கும். அதை பி.சி.எம். (சுருக்காத சாதாரண டிஜிட்டல் சத்தம்) ஆக்குங்கள். மலிவு டாக்குகள் பலவற்றுக்குச் சுருக்கி வருகிற டொல்பியை அவிழ்க்கத் தெரியாது; ஒன்றில் மௌனம், இல்லாவிட்டால் இரைச்சல்.

டாக்குக்குக் கரண்ட் ரிவியின் யூ.எஸ்.பி. யிலிருந்து எடுக்கலாம், ரிவியோடு சேர்ந்து அணைந்துவிடும். நான் பழைய போன் சார்ஜரில் போட்டிருக்கிறேன். ஒப்டிக்கலின் பெரிய நன்மையே ரிவிக்கும் அம்ப்புக்கும் இடையில் செப்புக் கம்பி இல்லாததுதான். டிஷ் வயர் வழியாக வருகிற 'ம்ம்' இரைச்சல் அம்ப்புக்குள் ஏறாது. யூ.எஸ்.பி. யைக் கொழுவினால் அந்தச் செப்புத் தொடுப்பு திரும்ப வந்துவிடுகிறது.

இப்போது அம்மாவுக்கு நாடகத்தில் குசுகுசுப்பதும் கேட்கிறது. ஆனால் ரிமோட்டில் சத்தம் கூடாது, குறையாது. விளம்பரம் வந்தால் எழும்பிப் போய்க் குமிழைத் திருப்ப வேண்டும். அதற்கும் முறைப்பாடு உண்டு.

நிலாவெளியில் இருக்கிற மச்சானும் இப்படிச் செய்து தரச் சொல்லி நிற்கிறார். அவருடைய ரிவியில் ஒப்டிக்கல் துளையே இல்லை, எச்.டி.எம்.ஐ. வயர் வழியாகவே ரிவியின் சத்தத்தை வெளியே அனுப்புகிற ஏ.ஆர்.சி. மட்டும். அதற்கு ஏ.ஆர்.சி. எடுக்கிற வேறு வகை டாக் வேண்டும், எச்.டி.எம்.ஐ. இல் கொழுவிய சாமான்கள் ஒன்றோடொன்று பேச விடுகிற சி.இ.சி. யையும் ரிவியில் போட்டுவிட வேண்டிவரும். பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.