கசையிழை, பைலை, உறை: மரபணுக் கேள்விகளில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

நோய்க்கிருமிகளின் மேற்பரப்பையும் அசைவையும் பற்றி முதுநிலைத் தேர்வுகளில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: "இந்த மரபணுவை நீக்கினால் திரிபு (அப்படி மாறிய கிருமி வகை) எப்படி இருக்கும்?" பெயர்ப்பட்டியலை நெட்டுருப் போட்டவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். சால்மோனெல்லா பாக்டீரியாவின் கசையிழைக்கு (சுழன்று நீந்தவைக்கும் வால்) மட்டுமே 60-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. அத்தனையையும் ஒப்பித்தாலும் விடை வராது.

எந்த மரபணுவைப் பார்த்தாலும் நான்கு கேள்வி கேட்கப் பழகுங்கள். உறுப்பு உருவாகிறதா? உருவானது சுழல்கிறதா? சுழல்வது திசையறிந்து போகிறதா? இதையெல்லாம் திறப்பதும் மூடுவதும் எது? நீக்கிய மரபணு இந்த நான்கில் எதில் விழுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி விடை கையில்.

கசையிழையின் படிநிலையை மட்டும் எவ்வளவு நேரம் எடுத்தாவது வெள்ளைத்தாளில் வரைந்து படியுங்கள். மேலே எஃப்.எல்.எச்-டி-சி, இதுதான் முதல் சாவி. அது திறப்பது இரண்டாம் வகுப்பு மரபணுக்களை: சவ்வில் அமரும் அடித்தளம், தண்டு, கொக்கி, கூடவே ஃப்ளி-ஏ என்ற சிக்மா-28 (மரபணுப் படியெடுப்பைத் தொடங்கவைக்கும் புரதம்), அதைப் பிடித்துக் கட்டிப்போடும் எஃப்.எல்.ஜி-எம். மூன்றாம் வகுப்பில் இழைப்புரதமான ஃபிளஜெல்லின், மாட் என்ற மோட்டார் புரதங்கள், திசையறியும் கீ மரபணுக்கள். இந்த மூன்றாம் வகுப்பு சிக்மா-28 விடுபட்டால்தான் முழுவீச்சில் இயங்கும்.

சிக்மா-28 எப்போது விடுபடும்? கொக்கி சுமார் 55 நானோமீட்டர் வளர்ந்ததும், அளவுகோல் புரதமான ஃப்ளி-கே ஏற்றுமதி வாயிலுக்குக் குறிப்புக் கொடுக்கிறது. வாயில் அதுவரை கொக்கிச் சரக்கை அனுப்பியது. இனி இழைச் சரக்கை அனுப்பும். அப்போது எஃப்.எல்.ஜி-எம் அந்தக் குழாய் வழியாகவே செல்லுக்கு வெளியே தள்ளப்படுகிறது. கட்டுமானம் ஒரு கட்டம் முடிந்தது என்ற செய்தியை, கட்டிய குழாயே மரபணுவுக்குச் சொல்கிறது. பாக்டீரியாவில் இதைவிட அழகான கட்டுப்பாடு அரிது என்பது எங்கள் கருத்து; தேர்வு வைப்பவர்களுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது, விடாமல் கேட்கிறார்கள்.

கேட்கும் விதம் இது. கொக்கிப்புரத மரபணு எஃப்.எல்.ஜி-இ இல்லாத திரிபில் ஃபிளஜெல்லின் ஆர்.என்.ஏ மிகக் குறைவு. அதோடு எஃப்.எல்.ஜி-எம்மையும் நீக்கினால் ஆர்.என்.ஏ ஏறிவிடுகிறது. திரிபு இப்போது நீந்துமா? நீந்தாது. தடை விலகியதால் படியெடுப்பு நடக்கிறது. ஆனால் கொக்கி இல்லாததால் இழை ஒட்டிக்கொள்ள இடமில்லை. "தடை நீங்கியது, ஆகவே அசைவு திரும்பியது" என்று எழுதினால் முழு மதிப்பெண்ணும் போகும். இதன் மறுபக்கம் ஃப்ளி-கே நீக்கிய திரிபு: கொக்கி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நீண்டுகொண்டே போகும், இழை முளைக்காது.

அடுத்து மாட், கீ குழப்பம். மாட்-ஏ, மாட்-பி இல்லையென்றால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கசையிழை கச்சிதமாகத் தெரியும், ஆனால் சுழலாது. கீ-ஒய் இல்லையென்றால் சுழலும், ஆனால் எப்போதும் இடஞ்சுழியாகவே. செல் திரும்பவே திரும்பாமல் நேராக ஓடும். பாஸ்பேட் ஏறிய கீ-ஒய் மோட்டாரின் ஃப்ளி-எம் மீது ஒட்டினால்தான் வலஞ்சுழி வந்து செல் தடுமாறித் திசை மாறும். அந்த பாஸ்பேட்டைக் கழற்றுவது கீ-இசட். அது இல்லாவிட்டால் செல் ஓயாமல் தடுமாறும். ஆக, கீ மரபணு போனால் "அசைவற்றது" என்று எழுதாதீர்கள். "திசையறியாதது" என்று எழுதுங்கள்.

இந்த இரண்டும் மென் அகாரில் (அகார் குறைந்த இளகிய ஜெல்) ஒரே மாதிரி தெரிவதுதான் சிக்கல். 0.3 சதவீத அகாரில் செல்கள் ஜெல்லின் துளைகளுக்குள் நீந்துகின்றன. திரும்பத் தெரியாத கீ-ஒய் திரிபு முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்கிறது; அதனால் வட்டம் சிறுக்கிறது. ஆகவே "மென் அகாரில் பரவவில்லை" என்பதோடு விடையை முடிக்காமல், தொங்குதுளியில் நுண்ணோக்கி வழியே பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அங்கே செல் நின்ற இடத்திலேயே நடுங்கினால் பிரௌனியன் அசைவு. பக்கத்துச் செல்களை விட்டு வேறு திசையில் விலகிப் போனால் நிஜ நீச்சல்.

செய்முறைத் தேர்வுக்கு அகார் அளவுகள்: நீந்தலுக்கு 0.25 முதல் 0.3 சதவீதம், கூட்டமாகப் படர்வதற்கு 0.5 முதல் 0.7, சாதாரணத் தட்டுக்கு 1.5. நீந்தல் தட்டுக்கு 1 சதவீத டிரிப்டோன், 0.5 சதவீத உப்பு போதும். ஊசியால் அகாரின் நடுவில் குத்துங்கள், அடிவரை போகாதீர்கள். தட்டைக் கவிழ்க்காதீர்கள், ஜெல் சரிந்துவிடும். தட்டின் மேல் ஈரம் நின்றால் செல்கள் மேற்பரப்பிலேயே வழுக்கிப் பரவி பொய் வட்டம் காட்டும். அதிகம் காய்ந்தால் நல்ல திரிபும் பரவாது. ஒப்பிடும் திரிபுகளை ஒரே நாள் ஊற்றிய தட்டில், முடிந்தால் ஒரே தட்டிலேயே குத்துங்கள். மெதுவாக வளரும் திரிபின் வட்டமும் சிறிதாகவே இருக்கும் என்பதால் வளர்ச்சி வரைபடம் இல்லாமல் அசைவுக் குறை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னொன்று: புரோட்டியஸ் 1.5 சதவீத அகாரிலேயே படர்ந்துவிடும். கண்ணாடியில் ஊதிய மூச்சுப்போல அது படர்வதைப் பார்த்துத்தான் மூச்சு என்ற பொருளுள்ள ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து எச் ஆன்டிஜெனுக்கு (கசையிழையின் ஆன்டிஜென்) வந்தது. டைஃபாய்டுக்கான விடால் சோதனையில் நாம் சொல்லும் எச் அதுதான்.

முறுக்கு நகர்வுக்கு, அதாவது பைலை என்ற நுண்மயிர்களை நீட்டி இழுத்து ஊர்வதற்கு, வேறு தட்டு. சூடோமோனாஸை 1 சதவீத மெல்லிய அகாரில் அடித்தட்டைத் தொடும்வரை குத்த வேண்டும்; செல்கள் பரவுவது அகாருக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையில். அகாரை உரித்தெடுத்துவிட்டு கிரிஸ்டல் வயலட் ஊற்றினால் வட்டம் தெரியும். இங்கே கேள்வி பில்-பி, பில்-டி இரண்டைச் சுற்றியே வரும். பில்-பி நான்காம் வகைப் பைலையை நீட்டும் ஏ.டி.பேஸ் (ஏ.டி.பி ஆற்றலில் இயங்கும் நொதி), அது போனால் பைலையே இல்லை. பில்-டி இழுத்துக்கொள்ளும் ஏ.டி.பேஸ்; அது போனால் செல்லைச் சுற்றிப் பைலை மண்டிக் கிடக்கும், ஆனால் நகராது. "பைலை அதிகம், ஆகவே நகர்வு அதிகம்" என்பது நன்றாகப் படித்தவர்களையே விழவைக்கும் பொறி.

திறப்பு-மூடல் பகுதியில் வழிமுறைகளைக் கலக்காதீர்கள். சால்மோனெல்லா டைஃபிமியூரியத்தில் ஹின் என்ற நொதி சுமார் 1000 காரத்துணை நீளமுள்ள டிஎன்ஏ துண்டைத் திருப்பிப் போடுகிறது. புரோமோட்டர் (படியெடுப்பு தொடங்கும் இடம்) அந்தத் துண்டுக்குள். ஒரு திசையில் எஃப்.எல்.ஜே-பி ஃபிளஜெல்லினும், ஃப்ளி-சியை அடக்கும் எஃப்.எல்.ஜே-ஏயும் வரும், மறுதிசையில் இரண்டும் நின்று ஃப்ளி-சி வரும். ஆகவே ஃப்ளி-சியை மட்டும் நீக்கிய திரிபு முழுக்க அசைவற்றுப் போகாது, மற்ற ஃபிளஜெல்லினைப் போட்டு நீந்தும் செல்கள் தோன்றும். சால்மோனெல்லா டைஃபியில் இந்தக் கதை பெரும்பாலும் செல்லாது; அதில் இரண்டாவது ஃபிளஜெல்லின் மரபணு பொதுவாக இல்லை.

ஈ.கோலையின் முதல்வகைப் பைலையிலும் திருப்பல்தான்: 314 காரத்துணைத் துண்டு. ஃபிம்-பி இரு திசையிலும் திருப்பும், ஃபிம்-இ பெரும்பாலும் மூடும் திசையில் மட்டும். ஃபிம்-இ போனால் திறந்த செல்கள் கூடும். செய்முறையில் பைலை வேண்டுமானால் வளர்ப்புக் குழம்பைக் குலுக்காமல் 37 டிகிரியில் வளருங்கள். நுனியிலுள்ள ஃபிம்-எச் ஈஸ்ட்டைத் திரளச் செய்யும், மான்னோஸ் சேர்த்தால் திரளாது. மான்னோஸ் சேர்த்தும் திரண்டால் அது வேறு ஒட்டுப்புரதத்தின் வேலை. சிறுநீரகத் தொற்றில் வரும் பாப் பைலையிலோ டிஎன்ஏ வரிசை மாறுவதே இல்லை. டாம் நொதி இடும் மெத்தில் குறிதான் திறப்பையும் மூடலையும் தீர்மானிக்கிறது.

கொனோரியா கிருமியின் ஓபா புரதத்தில் கணக்கு வரும். மரபணுவின் தொடக்கத்தில் ஐந்து காரங்கள் கொண்ட அலகு அடுக்கடுக்காக நிற்கிறது. பிரதியெடுப்பில் வழுக்கினால் ஒன்று கூடும் அல்லது குறையும். ஓர் அலகு கூடினால் 5 காரங்கள், மூன்றால் வகுபடாது, மூன்று மூன்றாகப் படிக்கும் வாசிப்புச் சட்டகம் உடைந்து புரதம் நின்றுபோகும். மூன்று அலகு கூடினால் 15 காரங்கள், சட்டகம் மீளும். இதற்கு ரெக்-ஏ (டிஎன்ஏ துண்டுகளை மறுசேர்க்கும் புரதம்) தேவையில்லை. அதே கிருமியின் பைலைப்புரதம் பில்-எஸ் என்ற ஊமைப் பிரதிகளிலிருந்து பில்-இக்குத் துண்டு நகலெடுத்து மாறுகிறது. அதற்கு ரெக்-ஏ வேண்டும். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் இந்த ஒரு வேறுபாட்டைக் கட்டாயம் சொல்லுங்கள்.

செல்லைச் சுற்றி மூடும் உறையைப் பற்றி அதிகம் வேண்டாம். நியூமோகாக்கஸில் உறை மரபணுத் தொகுதி பொதுவாக டெக்ஸ்-பி, அலி-ஏ இரண்டுக்கும் நடுவில். ஆந்த்ராக்ஸில் உறை மரபணுக்கள் பி.எக்ஸ்.ஓ-2 பிளாஸ்மிடில் (தனி டிஎன்ஏ வளையம்), நஞ்சு பி.எக்ஸ்.ஓ-1 இல். ஸ்டெர்ன் தடுப்பூசித் திரிபில் இல்லாதது பி.எக்ஸ்.ஓ-2.

வெப்பநிலையை மறந்துவிடாதீர்கள். லிஸ்டீரியாவின் அசைவை 37 டிகிரியில் பார்த்தால் இல்லை என்றே தெரியும். அந்த வெப்பத்தில் மாக்-ஆர் கசையிழை மரபணுக்களை அடக்கிவிடுகிறது. 25 டிகிரியில் குத்தினால் மென் அகாரில் குடைபோல விரியும். செல்லுக்குள் 37 டிகிரியில் அது நகர்வது கசையிழையால் அல்ல, ஆக்ட்-ஏ இழுத்துக் கட்டும் ஆக்டின் வாலால். ஷிகெல்லாவில் அந்த வேலையைச் செய்வது ஐசிஎஸ்-ஏ.

பெரிய விடையில் நிரூபணம் கேட்டால் நீக்கலோடு நிறுத்தாமல் மீட்பையும் எழுதுங்கள்: அதே மரபணுவைப் பிளாஸ்மிடில் திரும்பக் கொடுத்தால் அசைவு திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் முதல் சந்தேகம், ஒரே ஓபெரானில் (சேர்ந்து படியெடுக்கப்படும் மரபணு வரிசை) பின்னால் நிற்கும் மரபணுவும் சேர்ந்து அடிபட்டிருக்கிறது என்பது. மாட்-ஏவுக்குப் பின்னால் மாட்-பியும் கீ-ஏவும் ஒரே வரிசையில் நிற்கின்றன. மருந்தெதிர்ப்பு மரபணுத் துண்டான எதிர்ப்புக் கேசட்டை மாட்-ஏயில் செருகிவிட்டு மாட்-ஏயை மட்டும் கொடுத்தால் எதுவும் மீளாமல் போவது இதனால்தான். சட்டகம் உடையாமல் வெட்டியெடுத்த நீக்கல் என்று குறிப்பிட்டு எழுதுங்கள்; திருத்துபவர் அந்தச் சொல்லைத்தான் தேடிக்கொண்டிருப்பார். மரபணுப் பெயரின் கீழே கோடு, புரதப் பெயருக்கு முதலெழுத்து பெரியது, கோடு இல்லை.