1964 முதல் 1970 வரை: இப்போது படித்துக்கொண்டிருப்பவை

சில மாதங்களாக நாவல்களை மொழிவாரியாகப் பிரிக்காமல், அவை வெளிவந்த ஆண்டு வரிசையில் படித்து வருகிறேன். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964, சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966, அதே ஆண்டில் மலையாளத்தில் மலயாற்றூர் ராமகிருஷ்ணனின் ‘வேருகள்’, நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968, ஓ. வி. விஜயனின் ‘கஸாக்கின் இதிகாசம்’ 1969. பிறகு மறுபடியும் நீல பத்மநாபன், ‘பள்ளிகொண்டபுரம்’, 1970. முதல் நான்கில் மூன்றை முடித்துவிட்டேன், ‘வேருகள்’ பாதியில் நிற்கிறது, கஸாக்கைத் திரும்பப் படித்து மூடியாயிற்று, கடைசி நூலில் இப்போது இருக்கிறேன். ஏழு ஆண்டுகளுக்குள் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் இடைப்பட்ட ஊர்களிலிருந்து இத்தனை நாவல்கள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன என்பது தனித்தனியாகப் படித்தபோது எனக்கு உறைக்கவே இல்லை.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில். ஒரு பக்கம் பேருந்து ஏறினால் சித்தூர், மறுபக்கம் ஏறினால் பொள்ளாச்சி. இந்தச் சித்தூர் வட்டாரம் முன்பு கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. ஒட்டிக் கிடக்கும் பாலக்காடோ மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னையின் கீழ் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளமாயின. அதே நாளில் தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. மேலே சொன்ன ஐந்து எழுத்தாளர்களும் அந்த எல்லைக்கோடு போடப்பட்டபோது வளர்ந்து ஆளாகியிருந்தவர்கள். மலையாளியான விஜயன் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில். தமிழ் நாவலாசிரியரான சுந்தர ராமசாமி பள்ளியில் படித்தது மலையாளம், தமிழை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது பதினெட்டு வயதையொட்டி. இவர்களைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அடுக்கி வைத்தது நூலக அலமாரிகள்தாம்.

எங்கள் ஊர் வாயனசாலையிலும், அதாவது கிராம நூலகத்திலும், அப்படித்தான் இருக்கிறது. மலையாள நூல்களுக்கு முன்கூடம் முழுவதும், தமிழ் நூல்களுக்குப் பின்னறையில் இரண்டு பீரோ. பி. என். பணிக்கரின் நினைவு நாளான ஜூன் 19 கேரளம் முழுவதும் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1945இல் அம்பலப்புழையில் நாற்பத்தேழு நூலகங்களை ஒன்றுகூட்டி அவர் தொடங்கிய இயக்கம் இல்லாவிட்டால் எங்களைப் போன்ற கிராமத்துக்கு அந்த இரண்டு பீரோவும் வந்திருக்காது. அதனால் குறை சொல்ல மனம் வரவில்லை; ஆனாலும் கடைசியாகத் தமிழில் ஒரு புது நாவல் எப்போது வாங்கினார்கள் என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. இந்த ஆண்டு வாசிப்பு நாளன்று எங்கள் சிறு வாசகர் வட்டம் கூடியபோது, ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் ஒருவர்தாம் இந்த ஆண்டு வரிசை யோசனையைச் சொன்னார். மலையாளம் கற்பித்த மாஷ் ஒருவர் உடனே ஒப்புக்கொண்டார், ‘வேருகள்’ கட்டாயம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

‘புத்தம் வீடு’ அளவில் சின்ன நாவல். விளவங்கோட்டுப் பனை நாட்டில், பெயர் மட்டும் மிஞ்சிய ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த லிஸி பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள். பனையேறியின் மகன் தங்கராஜை விரும்புகிறாள். கதையின் எலும்பு இவ்வளவுதான். ஆனால் ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதும் விதத்தில், வீட்டுக்குள் இருப்பது என்பது ஒரு சம்பவமாக வராமல் நாட்களாக வருகிறது. அடிச்சுக்கூட்டில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் குரல், குடித்துவிட்டு வரும் தகப்பன், வாசலுக்கு வெளியே பனை ஓலைகள் உரசும் ஓசை, இவற்றுக்கிடையே ஒரு பெண் வயது ஏறிக்கொண்டே இருக்கிறாள். யாரும் அவளைக் கொடுமைப்படுத்துவதில்லை, யாரும் அவளைக் கேட்பதும் இல்லை. ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஒருவர் ஒரு வரியில்கூடத் தன் படிப்பைக் காட்டாமல் இதை எழுதியிருக்கிறார் என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

எங்கள் வட்டத்தில் கள்ளு வண்டி ஓட்டும் தம்பி ஒருவர் இருக்கிறார். சித்தூர் வட்டாரத்துத் தென்னந்தோப்புகளில் இறக்கும் கள் அன்றாடம் விடியற்காலையில் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கு வண்டியில் போகிறது. அவர் திரும்பி வரும் வழியில் சரக்கு இறக்கிய இடங்களில் காத்திருக்கும் நேரத்தில் படிப்பவர். ‘புத்தம் வீடு’ முடித்த அன்று என்னிடம் கேட்டார்: “ஏனுங்கக்கா, மரமேறுறவனோட பையனுக்குப் பொண்ணு குடுக்கறதுக்கு ஒரு புஸ்தகம் முச்சூடும் ஆகுதுங்களா?” ஆகும் என்றுதான் நான் நினைக்கிறேன். அவருடைய கேள்வியில் இருந்த எரிச்சல், எந்த மதிப்புரையையும்விட அந்த நாவலுக்குச் சரியான எதிர்வினை.

முச்சந்திப் புளியமரம் ஒன்றையும் அதைச் சுற்றிய கடைத்தெருவையும் சொல்லும் ‘ஒரு புளியமரத்தின் கதை’ பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை, படிக்காதவர்கள் குறைவு. இந்த முறை ஒன்றை மட்டும் கவனித்தேன். தாமோதர ஆசான் கதை சொல்லும் முற்பகுதியில் இருக்கும் சாவகாசம், தாமுவும் காதரும் வியாபாரத்திலும் நகராட்சித் தேர்தலிலும் மோதிக்கொள்ளும் பிற்பகுதியில் மறைந்துவிடுகிறது. முன்பு இதை அமைப்பின் குறையாக நினைத்திருந்தேன். கடைத்தெரு மாறும் வேகம் கதை சொல்லும் வேகத்தையும் மாற்றியிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. மேலும், இந்நாவலில் பெண்கள் அநேகமாக இல்லை, முச்சந்தி ஆண்களுடையது. லிஸியை விட்டு வந்த உடனே படித்ததால் இது கண்ணில் பட்டது.

‘வேருகள்’ நாவலை மலையாளத்திலேயே படிக்கிறேன், அதனால்தான் தாமதம். கல்பாத்தியில் பிறந்த மலயாற்றூர், கேரளத்தில் தலைமுறைகளாக வேரூன்றிய ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறார், ரகு ஐ.ஏ.எஸ். அதிகாரி, நகரத்தில் பெரிய வீடு கட்ட வேண்டும் என்ற மனைவியின் வற்புறுத்தலால் பூர்வீகச் சொத்தை விற்க ஊருக்கு வருகிறான். நினைவுகள் திரும்பும் பக்கங்கள் அருமையாக இருக்கின்றன. ஆனால் மனைவியின் பக்கம் இதுவரை என் காதில் விழவே இல்லை. விற்கச் சொல்கிறவள் என்பதற்குமேல் அவளை அறிந்துகொள்ள நாவலுக்கு அக்கறை இல்லையோ என்று மாஷிடம் கேட்டதற்கு, “முழுசும் வாயிச்சிட்டு வாங்க டீச்சரே” என்றார். நான் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்ப்பவள். படிக்கிற பெண்கள் எல்லோரும் அவருக்கு டீச்சர்.

‘தலைமுறைகள்’ எல்லாவற்றையும்விடக் கடினமான நூல், எல்லாவற்றையும்விட நிறைவான நூலும்கூட. இரணியல் செட்டிமார் சமூகத்தின் பேச்சை நீல பத்மநாபன் சிறிதும் சமன்படுத்தாமல் எழுதியிருப்பதால், கொங்குத் தமிழ் காதுள்ள எனக்கு முதல் ஐம்பது பக்கங்கள் வழுக்குப் பாறையாக இருந்தன. டீச்சர் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். உண்ணாமலை ஆச்சியின் பேச்சை இரவில் சமையலறையில் உரக்கப் படித்தபோது, கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா யாரோ விருந்தாளி வந்திருப்பதாக நினைத்து எட்டிப் பார்த்ததுதான் மிச்சம். சிறுவன் திரவியின் கண் வழியாகச் சடங்குகள், பிறப்பு, சாவு, அடுக்களை எல்லாம் விரிகின்றன. அந்த விரிவின் நடுவே அவனுடைய அக்காள் நாகு, அவள் பெண்ணே அல்ல என்று கணவனால் பழி சுமத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்படுகிறாள். அவள் உடம்பைப் பற்றி ஊர் முழுக்கப் பேசுகிறது, அவளைத் தவிர. சடங்குகளைப் பற்றிய நீண்ட பகுதிகள் தேவையா என்று வட்டத்தில் ஒரு விவாதம் நடந்தது. தேவை என்பது என் கட்சி. ஆச்சியின் அன்பும் அந்தச் சடங்குகளும் ஒரே இழையில் நெய்யப்பட்டவை என்று தெரிந்தால்தான், அந்த அன்பால் நாகுவை ஏன் காப்பாற்ற முடியவில்லை என்பது விளங்கும்.

இதற்குப் பிறகு கஸாக். யூமா வாசுகியின் தமிழாக்கம் 2017இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றது. நான் படித்ததும் அதைத்தான், ஐயம் வந்த இடங்களில் மலையாளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கஸாக்குக்கு மூலமான தஸ்ராக் எங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. விஜயனின் சகோதரி அங்கே ஓராசிரியர் பள்ளியில் 1956இல் பணியாற்றியபோது அவர் வந்து தங்கிய ஊர் அது. இப்போது நினைவிடம் அமைத்திருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் வெளியூர்க் கார்கள் நிற்கின்றன, வயல் வரப்பில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாவலில் உள்ள அம்மைநோயும் வறுமையும் அந்தப் படங்களில் விழுவதில்லை என்பதைத் தவிர எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. காற்றுக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பனைகளை என்ன செய்யும் என்று அறிந்தவர்களுக்கு அந்நாவலின் பாதி வரிகள் வர்ணனை அல்ல, வெறும் தகவல். முன்னாளில் பனையேறியவனான குப்புவச்சன் சுமைதாங்கிக் கல்லில் உட்கார்ந்து வம்பளக்கும் இடத்தில் கள்ளு வண்டித் தம்பி அடையாளத் தாள் வைத்திருந்தார்.

ரவி என்ற இளைஞன் படிப்பையும் வீட்டையும் காதலையும் விட்டுவிட்டுக் கஸாக்குக்கு வருகிறான். ஏன் வந்தாய் என்று ஊர் அவனை விசாரணை செய்வதில்லை. பாடம் நடத்த இடம் தருகிறது, சோறு தருகிறது, தன் கதைகளைத் தருகிறது. இருபது வயதில் படித்தபோது அவனுடைய அலைச்சல் என்னை மயக்கியது. லிஸிக்கும் நாகுவுக்கும் அடுத்து அவனைச் சந்தித்தபோது, விட்டுவிட்டுப் போவது என்பது ஓர் ஆணுக்கு எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. நாவலின் மதிப்பு இதனால் குறையவில்லை. அதன் மொழியழகு இன்றும் என்னைப் படிப்பதை நிறுத்தி நிமிர்ந்து உட்கார வைக்கிறது. ஆனால் ரவிமேல் எனக்கிருந்த பரிவு குறைந்துவிட்டது.

‘பள்ளிகொண்டபுரம்’ நாவலைத் தனியாகப் படித்திருந்தால் இப்போது எழுதப் போவதை நான் எழுதியிருக்கமாட்டேன். தமிழில் எழுதப்பட்ட இந்நாவலின் மாந்தர்கள் மலையாளிகள்; களம் திருவனந்தபுரம், பத்மநாபசுவாமி கோயிலும் பத்மதீர்த்தக் குளமும் கோட்டைக்குள்ளிருக்கும் தெருக்களும். ஐம்பது வயதை எட்டிய அனந்தன் நாயர் நடக்கிறார், நினைக்கிறார், மறுபடியும் நடக்கிறார். அவரை விட்டு இன்னொருவருடன் போய்விட்ட மனைவி கார்த்தியாயினியைச் சுற்றியே அந்த நினைவு முழுவதும் சுழல்கிறது. வாயனசாலைப் பிரதியில் எனக்கு முன்னால் படித்த யாரோ, அவர் கடந்து போகும் இடங்களின் பெயர்களை எல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டு, பின்னட்டையின் உட்பக்கத்தில் கோயிலைச் சதுரமாக வரைந்து வழித்தடமும் போட்டு வைத்திருக்கிறார். கார்த்தியாயினியின் பெயர் வரும் எந்த இடத்திலும் அந்தப் பென்சில் படவில்லை.

அனந்தன் நாயரின் துயரம் உண்மையானது. நீல பத்மநாபன் அதை மலிவாக்கவில்லை. ஆனால் நூல் வரிசையில் பார்த்தால், 1964இல் வாசலுக்கு உள்ளே நிறுத்தப்பட்டவளும், 1968இல் திருப்பி அனுப்பப்பட்டவளும் போன பிறகு, 1970இல்தான் ஒருத்தி தன் காலால் வெளியே நடக்கிறாள். அவள் நடந்ததை நாம் அவள் வாயிலிருந்து கேட்பதில்லை, அவள் விட்டுச்சென்றவரின் நினைவிலிருந்து கேட்கிறோம். வளர்ந்த பிள்ளைகள் தந்தையின் நியாயத்தைக் கேள்வி கேட்கும் பகுதிக்கு இப்போது வந்திருக்கிறேன். நாகுவை எழுதிய அதே கைதான் கார்த்தியாயினியையும் எழுதியது என்பதால், அவளுடைய மௌனத்தை ஆசிரியரின் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. அனந்தன் நாயரின் காது எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்று அளந்தே எழுதியிருக்கிறார். டீச்சர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆசிரியருக்கு நாயர்மேல்தான் கரிசனம், வாசகியான நான் என் விருப்பத்தை ஏற்றிச் சொல்கிறேன் என்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதைப் பேசி முடிப்பதாக இருக்கிறோம். முடியாது என்று எனக்குத் தெரியும்.

அதற்குள் ‘வேருகள்’ முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாஷின் முகத்தில் விழிக்க முடியாது. இந்த வரிசைக்குப் பிறகு 1970களுக்குப் போகலாம் என்று பேச்சு: திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்று அழைக்கப்படும் கடைத்தெருவைத் தன் வாழ்நாளெல்லாம் எழுதிய ஆ. மாதவனின் ‘கடைத்தெருக் கதைகள்’ முதலில். எங்கள் பீரோவில் அது இல்லை. பொள்ளாச்சியில் கேட்டுப் பார்ப்பதாகக் கள்ளு வண்டித் தம்பி சொல்லியிருக்கிறார்; வெளிமாவட்டத்தில் பழைய புத்தகக் கடை தென்பட்டால் அங்கேயும் இறங்கிப் பார்ப்பாராம்.