பேசாத பெண்ணும் வாயாடிக் குடும்பமும்

அயர்லாந்தின் டப்ளினில் என்னோடு வேலை பார்க்கும் தோழிக்குச் சொந்த ஊர் வாட்டர்ஃபோர்ட் பக்கம், டங்கார்வனுக்கு அருகில். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவள் வீட்டில் இருந்தேன். அன்றைக்கு அங்கே யாருக்கும் வேலை கிடையாது, மிச்ச வான்கோழியைத் தின்று தீர்ப்பதைத் தவிர. சாப்பாடு முடிந்ததும் தோழியின் அம்மா 'தி கொயட் கேர்ள்' படத்தைப் போட்டார்.

கிளேர் கீகனின் 'ஃபாஸ்டர்' கதையை வைத்து கொலம் பைரேட் இயக்கி 2022இல் வந்த படம். 1981ஆம் வருடக் கோடை. பிள்ளைகள் நிறைந்த வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு சிறுமி. அம்மாவுக்கு அடுத்த பிரசவம் நெருங்குவதால் அவளைத் தூரத்து உறவுத் தம்பதி வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். பெரும்பாலும் ஐரிஷ் மொழியில்தான் பேசுகிறார்கள். அந்த மொழிப் படம் ஒன்று ஆஸ்கர் வெளிநாட்டுப் படப் பிரிவின் இறுதிச் சுற்றுக்குப் போனது 2023இல், அதுதான் முதல் முறை. பரிசு ஜெர்மன் படத்துக்குப் போய்விட்டது. தோழி வீட்டில் இதை இன்னும் யாரும் மன்னிக்கவில்லை.

படம் ஆரம்பித்ததும் தோழியின் மாமா, "சப்டைட்டிலை எடுத்துவிடு, நம்ம மொழிதானே" என்றார். எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கட்டாயமாகப் படித்த மொழிதான். எடுத்தார்கள். கொஞ்ச நேரம் ஒரே பக்தி. அப்புறம் மாமா தொண்டையைச் செருமி, "விருந்தாளிக்குப் புரியாதே, பாவம். போட்டுவிடு" என்றார். போட்டதும் என்னைவிட வேகமாகப் படித்தவர் அவர்தான்.

இந்தப் படத்தின் அழகே அதன் அமைதி. சிறுமி பேச மாட்டாள், அவளை வைத்துக்கொள்ளும் வீட்டுக்காரர் ஷானும் லேசில் வாய் திறக்க மாட்டார். ஆனால் இந்தக் கூட்டம்! சிறுமியின் அப்பா அவளை இறக்கிவிட்டு, பெட்டியைக் காரிலேயே வைத்துக்கொண்டு போய்விடுகிறார். அவ்வளவுதான், தோழியின் அத்தை எழுந்தே நின்றுவிட்டார். "பெட்டி! டேய், பெட்டி!" திரைக்குள் கார் வளைவில் திரும்பி மறைந்த பிறகும் கத்தல் நிற்கவில்லை.

அடுத்தது பிஸ்கட். ஷான் ஒரு வார்த்தை பேசாமல், போகிற போக்கில் மேஜை மேல் ஒரே ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போவார். ஒதுங்கியே இருந்த மனிதர் முதல்முறையாக அந்தப் பிள்ளையைத் தேடி வரும் இடம். எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த நேரம் பார்த்து மாமா, "அது கஸ்டர்ட் கிரீம்தானே?" என்றார். இல்லை என்றார் அத்தை. ரிமோட் கை மாறியது, படம் பின்னால் ஓடியது. ஷான் மறுபடி வந்து வைத்தார், மறுபடி போனார். டின்னைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துத் திரைக்கு நேரே பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தீர்ப்பு வருவதற்குள் ஒப்பிட்ட பிஸ்கட்டை யாரோ தின்றுவிட்டார்கள்.

துக்க வீட்டிலிருந்து சிறுமியைக் கூட்டிக்கொண்டு போகும் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வருவாள். வழியெல்லாம் ஷான் வீட்டு விஷயத்தைத் தோண்டித் துருவி, சொல்லக்கூடாத சோகத்தைப் பிள்ளையிடமே கொட்டிவிடுவாள். அந்தக் காட்சியில்தான் அறை முதல்முறையாக அடங்கியது. எல்லார் கண்ணும் மெதுவாக அத்தை பக்கம் போனது. வந்த அரை மணி நேரத்தில் என் சம்பளம், வாடகை, கல்யாணம் ஏன் ஆகவில்லை, மூன்றையும் விசாரித்து முடித்திருந்தவர் அவர். "என்ன பொம்பளை இவ, சே!" என்றார் அத்தை.

ஒன்றரை மணி நேரப் படம், எங்களுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. நடுநடுவே டீ வேறு. வேண்டாம் என்றால் அங்கே அது பதிலாகவே எடுபடாது.

கடைசிக் காட்சியில் சிறுமி ஓடுகிறாள். அதற்கு மேல் சொன்னால் பார்க்காதவர்கள் அடிக்க வருவார்கள். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். ஜலதோஷமாம். அதற்குப் பிறகு பிள்ளை யார் வீட்டில் வளர்ந்திருப்பாள் என்று வீடே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஷான் கட்சிக்குத் தோழியின் அம்மா தலைமை. பெற்றவன் பெற்றவன்தான் என்று மாமா ஒற்றை ஆளாக நின்றார்.

"பெத்தவனாம்!" என்றார் அத்தை. "முதல்ல அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தானா, அதைச் சொல்லு."