நர்சிங் படிக்கக் கடன் வாங்கும் முன் நான் போட்ட கணக்கு

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் துணைவருக்கான எச்-4 விசாவில் இருந்த ஆண்டுகளிலேயே நர்சிங் படிக்க வேண்டும் என்ற விருப்பம் எனக்கு இருந்தது. ஆனால் அந்த விசாவில் இருப்பவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் கல்விக்கடன் கிடைக்காது என்பதால், கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகே அதைப் பற்றி முறையாக யோசிக்க முடிந்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் ஒரே சம்பளத்தில், பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு, எந்தக் கல்லூரி என்பதைவிட எவ்வளவு கடன் என்பதே முதல் கேள்வி. இதே நிலையில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் பலர் விவரம் கேட்பதால், எதை எதனோடு வைத்து எடைபோட்டேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, குறைந்த கட்டணத்தில் நடக்கும் பொதுக் கல்லூரியான கம்யூனிட்டி கல்லூரியில் ஏ.டி.என். என்ற இரண்டாண்டு நர்சிங் பட்டப்படிப்பு; மற்றொன்று, ஏற்கெனவே வேறு பட்டம் வைத்திருப்பவர்களுக்காகத் தனியார் கல்லூரிகள் நடத்தும் துரித பி.எஸ்.என். என்ற நர்சிங் இளநிலைப் பட்டப்படிப்பு. எதைப் படித்தாலும் எழுத வேண்டியது என்கிளெக்ஸ் என்ற ஒரே உரிமத் தேர்வு, கிடைப்பது ஆர்.என். (பதிவு பெற்ற செவிலியர்) என்ற ஒரே உரிமம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய செவிலியர் பற்றாக்குறையைத் தீர்க்க, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் மில்ட்ரெட் மான்டாக் 1951-இல் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்த இந்த இரண்டாண்டுப் படிப்பை மட்டமாகப் பேசுவோர் நம்மவர்களில் உண்டு. எனக்கு அது ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை.

மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தை நிரப்பும்போது எதிர்பாராத ஒன்று தெரிய வந்தது. 2024–25 கல்வியாண்டில் 7,395 டாலர் வரை கிடைக்கக்கூடிய பெல் உதவித்தொகை, இளநிலைப் பட்டம் பெறாதவர்களுக்கு மட்டுமே உரியது. இந்தியாவில் வாங்கிய பட்டமும் இந்தக் கணக்கில் பட்டமாகவே கொள்ளப்படும். என் பி.எஸ்சி. வேதியியல் பட்டமே அந்த உதவித்தொகையை எனக்கு இல்லாமல் செய்துவிட்டது. அதே பட்டத்தில் உடற்கூறியலோ உடலியங்கியலோ நுண்ணுயிரியலோ இல்லாததால் நர்சிங்கில் சேரும் முன் முடித்திருக்க வேண்டிய அந்த முன்தேவைப் பாடங்களையும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. ஆக, திருப்பிக் கட்டத் தேவையில்லாத அந்த உதவி எனக்கு இல்லை. கடன் மட்டுமே உண்டு.

அதன் பிறகுதான் கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு படிப்புக்கும், முடித்தவர்களின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும்) வருமானமும் இடைநிலைக் கடனும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கம்யூனிட்டி கல்லூரி நர்சிங் வரிசையைப் பார்த்தால் யாருக்கும் உற்சாகம் வரும். கடன் சிறியது, வருமானம் அதைப் போலப் பல மடங்கு. ஆனால் அந்த எண்கள் யாருடையவை என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கடன் எண், மத்திய அரசிடம் கடன் வாங்கிப் படிப்பை முடித்தவர்களுடையது. கடனே வாங்காமல் முடித்தவர்கள் அதில் இல்லை, தனியார் வங்கிக் கடனும் அதில் இல்லை. வருமான எண், மத்திய அரசின் உதவி ஏதேனும் பெற்றவர்களுடையது. இரண்டிலுமே படிப்பைப் பாதியில் விட்டவர்கள் இல்லை. உரிமம் கிடைக்காமல் கடனை மட்டும் சுமப்பவர்கள் அவர்கள்தாம் என்பதால், என்னைப் பொறுத்தவரை இதுவே மிகப் பெரிய விடுபடல். அதனால் நான் பார்த்த ஒவ்வொரு கல்லூரியிலும், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடிக்கிறார்கள் என்று நேரில் கேட்டேன். மாநில நர்சிங் வாரியம் கல்லூரிவாரியாக வெளியிடும் என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதத்தையும் பார்த்தேன்.

இடமும் முக்கியம். 2024 மே மாதக் கணக்கின்படி நாடு முழுவதற்குமான ஆர்.என். இடைநிலை ஆண்டு ஊதியம் 93,600 டாலர். கலிஃபோர்னியாவின் சராசரியோ 2023-லேயே 1,37,000 டாலரைத் தாண்டிவிட்டது. இந்த மாநிலத்துக் கல்லூரிகள் வருமானப் பட்டியலின் மேலே நிற்பதற்குக் கற்பித்தலைவிட இங்குள்ள ஊதிய நிலையே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அந்த ஊதியத்தின் பெரும்பகுதி இங்கே வாடகைக்கே போய்விடுகிறது என்பதை எந்தத் தளமும் சொல்வதில்லை.

கட்டணத்தைப் பார்த்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. மாநிலவாசிகளுக்குக் கம்யூனிட்டி கல்லூரியில், பாடத்தின் அளவைக் குறிக்கும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். முன்தேவைப் பாடங்களையும் சேர்த்து 70 யூனிட் என்று வைத்தால் 3,220 டாலர். புத்தகம், சீருடை, டீஸ் நுழைவுத் தேர்வு, பின்னணிச் சரிபார்ப்பு, என்கிளெக்ஸுக்கு 200 டாலர் ஆகியவை தனி. தனியார் கல்லூரியில் எனக்குச் சொல்லப்பட்ட மொத்தச் செலவு ஒரு லட்சம் டாலரை நெருங்கியது. மத்திய அரசின் இளநிலைக் கடனுக்கு 2024–25-இல் இருந்த 6.53 சதவீத வட்டியில் பத்தாண்டுகளில் கட்டி முடிப்பதாக இருந்தால், பத்தாயிரம் டாலர் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 114 டாலர். அதே வட்டியில் ஒரு லட்சத்துக்கு 1,137 டாலர்.

இவ்வளவோடு நிறுத்தினால் முடிவு எளிது. ஆனால் கம்யூனிட்டி கல்லூரியில் இடம் கிடைப்பது எளிதல்ல. சில கல்லூரிகள் மதிப்பெண்ணையும் டீஸ் தேர்வையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றன, சில குலுக்கல் போடுகின்றன. ஓராண்டு தள்ளிப்போனால் ஓர் ஆண்டின் ஆர்.என். சம்பளம் போகும், இரண்டாண்டு தள்ளிப்போனால் தனியார் கல்லூரியின் முழுக் கட்டணத்துக்கும் மேலாக இழப்பு வரலாம். தனியார் கல்லூரியின் ஆலோசகர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆயினும் தாமதம் வரலாம், வராமலும் போகலாம். கடனோ கையெழுத்திட்ட நாளிலிருந்தே உறுதி. நோயோ குடும்பச் சிக்கலோ வந்து நடுவில் நிற்க நேர்ந்தால், 46 டாலர் யூனிட்டை விட்டு எழுந்து வர முடியும், ஒரு லட்சம் டாலர் கடனை விட்டு வர முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே நான் முடிவெடுத்தேன். பல கல்லூரிகளுக்கு ஒரே பருவத்தில் விண்ணப்பித்து, காத்திருந்த காலத்தில் முன்தேவைப் பாடங்களை மாலை வகுப்புகளில் முடித்தேன்.

படிப்பில் சேர்ந்த பிறகு செலவின் உண்மையான முகம் தெரிந்தது. மருத்துவமனைப் பயிற்சி நாட்கள் விடியற்காலையில் தொடங்கும். அந்த நாட்களில் வேலைக்குப் போக முடியாது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பணம் கொடுக்க வேண்டும். நான் வாங்கிய கடன் கட்டணத்துக்காக அல்ல, இதற்காகத்தான். திருமணமானவர்கள் பெற்றோரைச் சாராத மாணவராகக் கருதப்படுவதால் முதலாண்டில் 9,500 டாலர், இரண்டாமாண்டில் 10,500 டாலர் வரை கடன் கிடைக்கும். உச்சவரம்பு வரை எடுக்கச் சொல்லித் தோழிகள் பலர் அறிவுரை கூறியும், அந்தந்தப் பருவத்துக்குத் தேவையானதை மட்டுமே எடுத்தேன்.

வேலை தேடும்போது ஏ.டி.என். பட்டத்தின் விலை தெரிந்தது. இங்குள்ள சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் பெரிய மருத்துவமனைகள் பல, புதியவர்களை எடுக்கும்போது பி.எஸ்.என். பட்டத்தையே விரும்புகின்றன. நியூயார்க்கில் 2017-இல் வந்த சட்டம், உரிமம் பெற்ற பத்தாண்டுகளுக்குள் நர்சிங் இளநிலைப் பட்டத்தை முடிக்க வேண்டும் என்றே சொல்கிறது. இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும், என் முதல் வேலை முதியோருக்கான பராமரிப்பு இல்லம் ஒன்றில்தான் அமைந்தது, மருத்துவமனையைவிடக் குறைந்த சம்பளத்தில். ஸ்கோர்கார்டு எண்ணை நம்பி முதலாண்டுக் குடும்பக் கணக்கைப் போடக்கூடாது என்று இதனால்தான் சொல்கிறேன். தளம் காட்டும் வருமானம், படிப்பை முடித்துக் காலம் கடந்தவர்களுடையது.

இப்போது ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். ஆர்.என். வைத்திருப்பவர்களுக்கான இணையவழி பி.எஸ்.என். படிப்பில் சேர்ந்திருக்கிறேன், ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வேலை கொடுப்பவர் தரும் கல்வி உதவிக்கு வருமான வரி கிடையாது என்பதால், அதற்குள் அடங்கும்படி பாடங்களைப் பிரித்து எடுக்கிறேன். லாப நோக்கற்ற மருத்துவமனைகளில் வேலை செய்து 120 தவணைகள் கட்டியபின் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் அரசுத் திட்டம் என் அளவுக் கடனுக்குப் பயன்படாது. வழக்கமான பத்தாண்டுத் தவணையில் அதற்குள் கடனே முடிந்துவிடும்.